பிடுங்கி நட்ட முளை

தம்பிக்கு,

உன் தகரப் பெட்டியில் கம்பளிக்கும் வேட்டிக்கும் நடுவில் இதை மடித்து வைக்கப்போகிறேன். பொல்கஹவெலையில் வண்டி மாறும்போது பெட்டியைத் திறக்காதே, அந்தக் கூட்டத்தில் எதையாவது தொலைத்துவிட்டு நிற்பாய். கப்பலுக்குப் போகிற தலைமன்னார் வண்டியில் இடம் பிடித்து உட்கார்ந்த பிறகு, உனக்கென்று கொஞ்சம் நேரம் வாய்க்கும்போது படி. படித்துவிட்டு யாரிடம் காட்டினாலும் எனக்குச் சம்மதம்தான். மூடி வைக்கிற வெட்கம் எனக்கு எதுவும் இல்லை. வெட்கப்படுகிறவர் உன் அப்பா. அவருக்குத் தெரியாமல்தான் எழுதுகிறேன். அவர் இப்போது வாசலில் உட்கார்ந்து உன் பெட்டியைக் கட்டுவதற்குக் கயிறு முறுக்கிக்கொண்டிருக்கிறார். கடைக் கயிறு அறுந்து போகுமாம். மகன் போகிற தூரத்துக்கு அவர் கையால் முறுக்கினால்தான் தாங்குமாம். இந்த மனுஷனோடு நான் இத்தனை வருஷம் குப்பை கொட்டியிருக்கிறேன், பார்த்துக்கொள்.

நேற்றுச் சோறு தின்னும்போது நீ பேசியதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். நீ போகிற ராஜஸ்தான் பாலைவனத்தைப் பற்றி ஆசையாகச் சொல்லிக்கொண்டிருந்தாய். "அங்க மழைங்கிறதே அபூர்வம்மா. மேல மணலு, கீழ பூராவும் பாறை. பாறையில வெடிப்பு விட்ட எடத்துலதான் தண்ணி ஒளிஞ்சு கெடக்கும். நாங்க பூமிக்குள்ள கரண்டு விட்டுப் பாத்து அது எங்கேன்னு கண்டுபிடிச்சிருவோம். காலையில ஒரு ஊரு, சாயங்காலம் ஒரு ஊரு. அளந்தோமா, முளை அடிச்சோமா, போய்க்கிட்டே இருக்க வேண்டியதுதான்" என்றாய். கேட்கக் கேட்க எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது. கொழுந்துக் கூடை தூக்கிய கையால் வளர்த்த பிள்ளை ஊருக்கெல்லாம் தண்ணீர் காட்டப் போகிறான் என்றால் எந்தத் தாய்க்குத்தான் நிறையாது? அப்போதுதான் உன் அப்பா வாயைத் திறந்தார்.

"தம்பி, முளை அடிக்கிறதுக்கு முந்தி அந்த ஊர் ஆளுங்களைக் கூப்பிட்டு வச்சுச் சொல்லிருப்பா. நம்பர் எறங்குனா என்ன, ஏறுனா என்னன்னு அவங்களுக்கு வெளங்குற மாதிரி சொல்லிரு" என்றார். நீ சிரித்தாய். "அதெல்லாம் அவங்களுக்கு எதுக்குப்பா?" என்றாய். அவர் விடவில்லை. திரும்பச் சொன்னார், மறுபடியும் சொன்னார். பிடித்தால் விடாத குணம்தான், அது எனக்கும் தெரியும். உனக்கு எரிச்சல் வந்துவிட்டது. "குடிச்சு வேலையத் தொலைச்சவங்க எனக்கு வேலை சொல்லித் தர வேணாம்" என்று சொல்லிவிட்டாய். அவர் தட்டில் சோறு இருக்கும்போதே எழுந்து போய்க் கை கழுவினார். ஊரில் என் வாய்க்குப் பயப்படாத ஆள் கிடையாது, ஆனால் அந்த நேரத்தில் எனக்கும் வாய் அடைத்துப்போயிற்று. நீ இப்படி நினைத்துக்கொண்டே கப்பல் ஏறினால், அதற்கப்புறம் எத்தனை வருஷம் கழித்து வருவாயோ, அதுவரைக்கும் இப்படியேதான் நினைத்துக்கொண்டிருப்பாய். அதை என்னால் பொறுக்க முடியவில்லை.

ஒன்று கேட்கிறேன். நீ வேலை பார்க்கும் அந்தக் கரண்டுப் பெட்டியை உன் அப்பாவுக்கு நீ காட்டியதில்லை. அதில் நம்பர் இறங்கும், ஏறும் என்று நேற்று நீ சொல்லவும் இல்லை. அப்படியிருக்க, அவருக்கு அது எப்படித் தெரிந்தது என்று உனக்குத் தோன்றவில்லையா? படித்த பிள்ளை நீ. கேட்டிருக்க வேண்டும்.

நீ திருச்சியில் மாமா வீட்டில் படித்துக்கொண்டிருந்த காலம் அது. நாங்கள் அப்போது இந்த வட்டகொடைப் பக்கம் இல்லை, கந்தப்பளைத் தேயிலைத் தோட்டத்தில் இருந்தோம். நீ பிறந்த அதே மேட்டு லயம்தான், சுவரோடு சுவர் ஒட்டிய அந்த வரிசை வீடுகள்தான். நான் பிள்ளைக்காம்பராவில் ஆயாவாக இருந்தேன். மலையேறிக் கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் விட்டுப்போகிற கைக்குழந்தைகளுக்கெல்லாம் நான்தான் தாய், நான்தான் தாதி, நான்தான் போலீசு. அந்த வருஷம் பனி கொட்டிக் கொழுந்தெல்லாம் கருகிப்போனது. பனி போனால் மழை வரும் என்று பார்த்தால் அதுவும் வரவில்லை. மலை ஊற்றிலிருந்து லயத்துக்குத் தண்ணீர் விழும் பீலி நூலாக இளைத்தது. ஒரு குடம் நிரம்புவதற்குள் இரண்டு சண்டை முடிந்துவிடும். பிறகு அந்த நூலும் நின்றது. ஓடைப் பள்ளத்தில் தேங்கிக் கிடந்ததை மொண்டு துணியில் வடிகட்டிக் குடித்தோம். என்னால் முடிந்த மட்டும் காய்ச்சித்தான் பிள்ளைகளுக்குக் கொடுத்தேன். ஆனால் வீட்டுக்குப் போனால் தாய் பச்சையாகத்தானே கொடுப்பாள்? வேலை முடிந்து வருகிறவளுக்கு விறகு ஏது, பொழுது ஏது? பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம் கண்டது.

பக்கத்துக் காம்பராவில் இருந்த ராக்காயியை உனக்கு நினைவிருக்கும். உனக்கு அவித்த மரவள்ளிக் கிழங்கு ஒளித்து வைத்துத் தருவாளே, அவள்தான். அவளுடைய கடைக்குட்டி பவுனு என் மடியில்தான் செத்துப்போனாள். மருந்துக்கு ஓடிய ஆள் திரும்பி வருவதற்குள் முடிந்துவிட்டது. காலையில் என் சேலை முந்தானையைப் பிடித்து இழுத்து விளையாடிய பிள்ளை தம்பி அது. நான் வாய்விட்டு அழுதேன். ராக்காயி அழவில்லை. பிள்ளையை வாங்கிக்கொண்டு, "தண்ணிதானே ஆயா, வெறும் தண்ணிதானே?" என்று மட்டும் கேட்டாள்.

அதற்குப் பிறகு கொழும்பிலிருந்து ஒரு சர்வே மாத்தயா வந்தார். பவுனுக்காக வந்தார் என்று நினைத்துவிடாதே. தண்ணீர் இல்லாமல் ஃபாக்டரி நின்றுபோகும் என்ற பயத்தில் தோட்டத்தை நடத்துகிற தொரை வரவழைத்தது. எதற்காக வந்தால் என்ன, தண்ணீர் கிடைத்தால் லயத்துக்கும் ஒரு குழாய் உண்டு என்று சொல்லியிருந்தார்கள். அது போதும் என்று இருந்தோம். மாத்தயா சிங்களப் பிள்ளை, இப்போது உனக்கிருக்கும் வயதுதான் இருக்கும். தமிழை உடைத்து உடைத்துப் பேசிவிட்டுத் தானே சிரித்துக்கொள்வார். ஒரு பெட்டி, சுருள் சுருளாகக் கம்பி, நாலு இரும்பு முளை, இவ்வளவுதான் கொண்டுவந்தார். மலைச் சரிவில் நாலையும் ஒரே வரிசையில் அடித்து, கம்பியைப் பூட்டி, பெட்டியில் முள்ளைப் பார்ப்பார். பிறகு ஓரத்து முளைகளைப் பிடுங்கி இன்னும் தள்ளி அடிக்கச் சொல்வார். தள்ளத் தள்ள ஆழத்தில் இருப்பது தெரியுமாம். இதெல்லாம் உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் நான் பார்த்ததை நான் சொல்லாமல் யார் சொல்வது?

மண் காய்ந்து கிடந்ததால் முளைக்கு அடியில் உப்புத் தண்ணீர் ஊற்றச் சொன்னார். அதைப் பார்த்ததும் பெண்டுகளுக்கு வந்ததே கோபம்! "பெத்த புள்ளைக்குக் குடுக்கத் தண்ணியக் காணோம், இரும்புக்குத் தாகம் எடுக்குதாமில்ல!" என்று ஒருத்தி கத்தினாள். அவர் பாவம், என்ன சொல்கிறாள் என்று புரியாமல் அவளைப் பார்த்துத் தலையாட்டிச் சிரித்தார். அது இன்னும் வினையாகிப் போயிற்று. அந்த மனுஷன் கெட்டவர் இல்லை தம்பி. நல்லவர்தான். ஆனால் அவர் எங்களுக்கு ஒன்றுமே சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை, நேற்று உனக்குத் தோன்றாதது போலத்தான்.

கம்பி இழுக்க எடுத்த ஆட்களில் உன் அப்பாவும் ஒருவர். அடேயப்பா, அந்த நாட்களில் அவருக்கு இருந்த மிதப்பைப் பார்க்க வேண்டுமே! தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி பிடிக்கிற ஆள் கரண்டுக் கம்பி பிடிக்கிறார், கேட்க வேண்டுமா? மாத்தயா முள்ளைப் பார்த்து நம்பரைச் சிங்களத்தில் சொல்வார், கூட வந்த பையன்மார் எழுதுவார்கள். கடைவீதியில் பழகியதால் உன் அப்பாவுக்குச் சிங்கள எண் அத்துப்படி. சாயங்காலம் லயத்துக்கு வந்ததும் வானொலிச் செய்தி மாதிரி ஆரம்பித்துவிடுவார். "கோயில் மேட்டுல போட்டோம் பாருங்க, எம்மாம் பெரிய நம்பரு! ஏறிக்கிட்டே போவுது. பிள்ளைக்காம்பராப் பள்ளத்துல ஒண்ணுமில்ல, சொத்தை. எறங்கிருச்சு" என்பார். லயமே அவர் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கும். நானும்தான் நின்றேன்.

எங்களுக்கு அது எப்படி விளங்கியது என்று சொல்கிறேன், சிரிக்காமல் கேள். தோட்டத்துச் சனம் நாங்கள். விடிந்து எழுந்து அடைகிற வரைக்கும் எங்கள் தலையெழுத்தைத் தராசு முள்தான் எழுதுகிறது. கொழுந்து நிறுக்கிற இடத்தில் முள் ஏறினால் முழுப்பேர் கூலி, இறங்கினால் அரைப்பேர் கூலி, அதோடு கங்காணி வாயில் வருகிற வசவு வேறு. பிள்ளைக்காம்பராவில் குழந்தையைத் தூக்கித் தராசில் போட்டாலும் அப்படித்தான், ஏறினால் சிரிப்போம், இறங்கினால் பயப்படுவோம். முள் இறங்கியது நல்லதுக்கு என்று எங்களில் ஒருத்தரும் ஒரு நாளும் கண்டதில்லை. அதனால் கோயில் மேட்டில் பெரிய நம்பர் என்றதும் அங்கேதான் ஆறு ஓடுகிறது என்று முடிவு கட்டிவிட்டோம். ஒரு ஆளுக்காவது சந்தேகம் வந்ததா என்றால், இல்லை. அவ்வளவு சுத்தமாக ஏமாந்தோம்.

மாத்தயா கடைசியில் சிவப்புச் சாயம் பூசிய மரமுளை ஒன்றைக் கொண்டுவந்து அந்தச் 'சொத்தை' இடத்தில், பிள்ளைக்காம்பராவுக்குக் கீழே பள்ளத்தில் அடித்தார். துளை போடுகிற மிஷின் வந்ததும் அந்த இடத்தில் போடச் சொல்லிக் கணக்கப்பிள்ளையிடம் சொல்லிவிட்டுக் கொழும்புக்குப் போய்விட்டார். லயத்தில் நெருப்புப் பற்றிக்கொண்டது. பள்ளம் ஃபாக்டரிக்குக் கிட்ட, கோயில் மேடு லயத்துக்குக் கிட்ட. "பாத்தியா, தண்ணி உள்ள எடத்த மறைச்சிட்டு தொரைக்கு வசதியா அடிச்சிட்டுப் போய்ட்டாரு" என்றார்கள். "கம்பெனி ஒரே ஒரு துளைக்குத்தான் ஒத்துக்கிட்டிருக்கு, இத விட்டா நம்ம புள்ளைங்க கதி அவ்வளவுதான்" என்றார்கள். ராக்காயி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை முளைக்குப் பூசை போடுவதென்று முடிவானது. கவ்வாத்துக்கு முதலில் கல் நட்டுக் கும்பிடுகிறோம், கொழுந்துக்குக் கும்பிடுகிறோம், தண்ணீருக்குக் கும்பிட்டால் என்ன தப்பு என்று கணக்கப்பிள்ளையும் விட்டுவிட்டார். தப்படித்துக்கொண்டு எல்லோரும் பள்ளத்தில் இறங்கினோம். முளைக்கு மஞ்சள் பூசினது நான்தான். பூசி முடித்து நான் நிமிர்வதற்குள் ராக்காயி குனிந்து இரண்டு கையாலும் முளையை ஆட்டி ஆட்டிப் பிடுங்கினாள். யாரும் தடுக்கவில்லை. அவள் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மேட்டில் ஏறினாள், நாங்கள் அத்தனை பேரும் பின்னால் ஏறினோம். கோயில் மேட்டில் உன் அப்பா இடம் காட்டினார், யாரோ அடித்தார்கள், எலுமிச்சம்பழம் நறுக்கினார்கள். நான் குலவை போட்டேன். மற்றவர்கள் போட்டதைவிட நீளமாகப் போட்டேன்.

மிஷின் வந்தது. வந்தவர்கள் சிவப்பு முளை எங்கே என்று கேட்டு, கண்ட இடத்தில் இறக்கினார்கள். மஞ்சளையும் குங்குமத்தையும் பார்த்து ஒரு கும்பிடும் போட்டுக்கொண்டார்கள். டொங்கு டொங்கென்று அது பாறையில் இடிக்கிற இடியில் லயத்துப் பானையெல்லாம் அதிர்ந்தது. கொஞ்ச நேரத்தில் துளையிலிருந்து கலங்கலாகத் தண்ணீரை அள்ளிக் கொட்டினார்கள். ஐயோ, அந்தச் சந்தோஷத்தை என்னவென்று சொல்வேன்! கிழவர்கள் ஆடினார்கள். பிறகுதான் தெரிந்தது, இடிப்பதற்காக அவர்களே மேலிருந்து ஊற்றிய தண்ணீர் அது. அதற்கு அப்புறம் வந்ததெல்லாம் கல்மாவு. நாள் போகப் போக இரும்புதான் மழுங்கியதே தவிர கல் வழி விடவில்லை. வெடிப்பே இல்லாத முழுப் பாறை. மாத்தயாவுக்குத் தந்தி போனது.

அவர் வந்து பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஐயோ, மொகத மே? என்னா இது? இது நான் வச்ச எடம் இல்லே!" என்றார். முளையில் காய்ந்துபோன மஞ்சளைத் தொட்டுப் பார்த்தார். கூடி நின்ற எங்களைப் பார்த்தார். அவர் கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. ஒரு கல்லில் உட்கார்ந்து, "ஏன்?" என்று கேட்டார். உன் அப்பாதான் சொன்னார், இங்கே நம்பர் பெருசா வந்துச்சுங்களே மாத்தயா என்று. அப்போதுதான் அவருக்கு விளங்கியது. "கரண்டு உள்ளே போறப்போ, கல்லு கதவு பூட்டுது. தண்ணி கதவு தொறக்குது. பூட்டினா நம்பர் மேலே. தொறந்தா நம்பர் கீழே" என்று கையால் பூட்டியும் திறந்தும் காட்டினார். "நான் சொல்லி இருக்கணும். நான் சொல்லல்லே" என்றார். அவ்வளவு எளிதாக இருந்தது தம்பி, விஷயம். சின்னப் பிள்ளைக்கும் புரியும். உன் அப்பா தன் நெற்றியில் தானே அறைந்துகொண்டார்.

தொரை வந்தார். மாத்தயா அவரிடம் இங்கிலீசில் கெஞ்சினார், பள்ளத்தைக் காட்டிக் காட்டிப் பேசினார். இன்னொரு துளை போட விடுங்கள் என்றுதான் கேட்டிருப்பார். தொரை எங்கள் பக்கம் திரும்பினார். "யார் முளை புடுங்கினது? ஆள் பேரு சொல்லு. சொன்னா மிஷின் கீழே போகும். சொல்லாட்டி மிஷின் வீட்டுக்குப் போகும்" என்றார். பிடுங்கியவளுக்குப் பத்துச்சீட்டு, அதாவது பேர் வெட்டிக் குடும்பத்தோடு வெளியே. ராக்காயி எனக்குப் பக்கத்தில் நின்றாள். புருஷன் இல்லாதவள், வீட்டில் இன்னும் மூன்று வயிறு. அவள் வாயைத் திறக்கப் போனாள். அதற்குள் உன் அப்பா முன்னால் போய்த் தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "நான்தாங்க தொரை" என்று சொல்லிவிட்டார்.

உன் அப்பாவைப் பெரிய தியாகி என்று காட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. அப்படி நினைத்து மாலை வாங்கிக்கொண்டு வராதே. அன்றைக்கு நான் அவரை விட்ட விடு கொஞ்சமா! பத்துச்சீட்டு கையில் வந்தது, காம்பராவைக் காலி பண்ணச் சொன்னார்கள், என் ஆயா வேலையும் அதோடு போயிற்று. தட்டுமுட்டுச் சாமானை மூட்டை கட்டித் தலையில் வைத்துக்கொண்டு இறங்கி வருகிற வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தேன். "ஊருக்கெல்லாம் தண்ணி வேணும், நம்ம புள்ளைக்கு ஒரு வீடு வேணாமா? லீவுக்கு வந்தா அவன் எங்க வந்து நிப்பான்? அத்தனை பேரும் சேந்துதானே பண்ணினோம், நீங்க மட்டும் எதுக்குங்க போனீங்க?" என்று கேட்டேன். அவர் ஒரே ஒரு பதில்தான் சொன்னார். "நம்பரக் கொண்டாந்து சொன்னது எவன் வாயி?" என்றார். சாயங்காலம் குடித்துவிட்டு வந்தார். குடித்தது உண்மைதான், அதை மறைக்கமாட்டேன். ஆனால் வேலை போனது காலையில்.

இந்தத் தோட்டத்தில் தூரத்துச் சொந்தக்காரர் ஒருவர் கங்காணியாக இருந்ததால் தலையை நுழைத்தோம். ஆயாவாக இருந்தவள் திரும்பவும் கூடையை மாட்டிக்கொண்டு மலையேறினேன். விரல் பழக்கம் விட்டுப்போய் முதல் மாதமெல்லாம் அரைப்பேர்தான். அந்தக் கோபம் எனக்கு இன்னும் முழுசாகப் போகவில்லை. மழை பெய்து லய வாசல் சேறாகும்போதெல்லாம் கந்தப்பளைக் காம்பராவின் கல் பாவிய வாசல் ஞாபகம் வரும், உடனே அவரை ஒரு பாட்டு வைவேன். எதற்கு வைகிறேன் என்று அவருக்கும் தெரியும். நீ அதையெல்லாம் குடிக்காக வைகிறேன் என்று நினைத்திருப்பாய்.

தோட்டம் தோட்டமாகப் புடவை விற்று வரும் முஸ்லிம் நானா ஒருவர்தான் வந்து சொன்னார். "தங்கச்சி, ஒங்க பழைய தோட்டத்துல தண்ணி வந்திருச்சு. பள்ளத்துலதான். பிள்ளைக்காம்பரா வாசல்லயே கொழா வச்சிருக்காங்க, ராக்காயி ஒங்களக் கேட்டுச்சு" என்றார். நான் அவர் புடவை மூட்டையின் மேலேயே முகத்தை வைத்து அழுதுவிட்டேன். உன் அப்பா எழுந்து கொல்லைப் பக்கம் போனார். வெகு நேரம் கழித்து வந்து, "அந்தப் பொட்டியப் படிக்கிற படிப்பு எதுவோ, அதத் தம்பி படிக்கட்டும். மச்சானுக்கு எழுது" என்றார். நான்தான் எழுதினேன். மாமா தன் யோசனை போல உன்னிடம் சொல்லியிருப்பார். அவர் குணம் அப்படி, விட்டுவிடு. இந்தப் படிப்புக்கு உன்னைப் பிடித்துத் தள்ளியது, ஒரு நம்பரைத் தலைகீழாகப் படித்துவிட்டு வீட்டை இழந்த மனுஷன்.

அப்படியென்றால் குடித்து வேலை போயிற்று என்று மாமாவிடம் யார் சொன்னது என்று கேட்பாய். அவரேதான் சொல்லச் சொன்னார். "குடிகாரன்னு நெனச்சா நெனைக்கட்டும். அவன் படிக்கப் போற படிப்புல அப்பன் முட்டாப்பயலா முளைய மாத்தி அடிச்சான்னு தெரிய வேணாம்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். இத்தனை வருஷம் காப்பாற்றிவிட்டேன். உன் பார்வையில் குடிகாரனாக இருக்க அவருக்குச் சம்மதம், விவரம் கெட்டவனாக இருக்கத்தான் மனசு வரவில்லை. இந்த ஆண்பிள்ளைகளின் ரோசத்தை என்ன சொல்லி மெச்சுவது? ஆனால் நேற்று, நீ முளை அடித்துவிட்டுப் போய்க்கொண்டே இருப்போம் என்று சொன்னபோது, அவரால் அடக்க முடியவில்லை. அந்த ரோசத்தையும் மீறித்தான் உனக்குச் சொல்ல வந்தார்.

நீ போகிற ஊரில் தராசு இருக்காது, தேயிலை இருக்காது. அங்கே உள்ள பெண்டுகளுக்கு வேறு ஏதாவது பழக்கம் இருக்கும், நம்பரை அவர்கள் வேறு விதமாகப் படிப்பார்கள். உப்புத் தண்ணீரும் களிமண்ணும் பெட்டியை ஏமாற்றிவிடும் என்று முன்பொரு கடிதத்தில் நீயே எனக்கு எழுதியிருந்தாய். அதையும் சேர்த்துச் சொல். தெரியாது என்றால் தெரியாது என்று சொல். குடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு தூரத்தில் நின்று உன்னைப் பார்ப்பார்கள். அவர்களில் ஒருத்தி பிள்ளையைப் பறிகொடுத்தவளாக இருப்பாள். உன் பெட்டியில் அது தெரியாது. வேலை அரை நாள் பிந்தினால் பிந்தட்டும், அவர்களைக் கூப்பிட்டு உட்கார வைத்துக் கையால் பூட்டியும் திறந்தும் காட்டு.

நாளைக்கு வட்டகொடை ஸ்டேஷனில் அவர் உன்னிடம் "பாத்துப் போ" என்பார், அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. இதை வழியில்தான் படிக்கப்போகிறாய், அதனால் அங்கே உன்னால் ஒன்றும் செய்யவும் முடியாது. அதுவும் நல்லதுக்குத்தான், காலில் விழுந்தால் அவர் கூசிப்போவார். போய்ச் சேர்ந்து, முதல் ஊரில் கம்பியைப் போட்டு, நம்பர் இறங்குகிற இடத்தைப் பார்த்ததும் ஒரு கடிதம் எழுது. எனக்கு எழுதாதே, அவர் பெயருக்கு எழுது. மன்னிப்பு, அது இது என்று எதுவும் வேண்டாம். 'அப்பா, இங்கே ஒரு இடத்தில் நம்பர் இறங்குகிறது, இந்த ஊர் ஆட்களிடம் எப்படிச் சொன்னால் விளங்கும்?' என்று கேட்டு எழுது. நான் வாயைத் திறந்துவிட்டேன் என்று அவருக்குத் தெரிந்துபோகும், என்னைத் திட்டுவார், நான் பார்த்துக்கொள்கிறேன். பிறகு வாசலில் உட்கார்ந்து யோசிப்பார், சொல்வார், அடித்துத் திருத்தி மறுபடியும் சொல்வார். அவர் சொல்கிறபடியே நான் எழுதி அனுப்புகிறேன். அதுவரைக்கும் முளை அடிக்காதே.

அம்மா